410 ரூபாய்க்கு முடங்கிய கல்லா

போன தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. 2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கடையில் நல்ல கூட்டம். என் மகன் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பருப்பு மண்டிக்கு 1,86,000 ரூபாய் அனுப்பிக்கொண்டிருந்தான். போகவில்லை. மறுபடி தட்டினான், அப்போதும் போகவில்லை. சர்வர் கோளாறு என்றான். பண்டிகை நேரம், ஊரே பணம் அனுப்பும், இருக்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் வாசலில் இருந்த சவுண்ட் பாக்ஸ் மட்டும் இருபத்தைந்து ரூபாய் வந்தது, நூற்றுப் பத்து ரூபாய் வந்தது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே வருகிற காசு வருகிறது, வெளியே போக வேண்டியதுதான் போகவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு வங்கியின் உதவி எண்ணில் ஆள் கிடைத்தார். ஏதோ சைபர் கிரைம் புகாரில் உங்கள் கணக்கு வந்திருக்கிறது, பணம் வரலாம், எடுக்க முடியாது, கிளைக்குப் போய்க் கேளுங்கள் என்றார். மறுநாள் இரண்டாம் சனி. அதற்கடுத்தது ஞாயிறு. கணக்கில் இருந்தது 3,42,000 ரூபாய்.

கும்பகோணத்தில் நான் மளிகைக் கடை வைத்தது 1986இல். 2019இல் மகனிடம் கொடுத்துவிட்டேன். இப்போது காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் கடையில் உட்காருவேன், வெற்றிலை போடுவேன், தினசரியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பேன். மகன் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்பான். நான் மறுத்ததில்லை. கடன் வாங்கிக் கல்யாணம் செய்யக் கூடாது. வீட்டில் மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு வேண்டும். பிள்ளை ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று அப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசாங்கம் என் கடைக்குள் எவ்வளவு குறைவாக எட்டிப் பார்க்கிறதோ அவ்வளவு நல்லது. நாட்டு நடப்பையெல்லாம் இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் படிக்கிறேன். கண்ணாடியில் கீறல் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

யூபிஐயைப் பற்றி எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் அந்த ஜூலையிலேயே நடந்திருந்தது. கர்நாடகத்தில் சின்ன வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பிய சமயம். 2021-22 முதல் யூபிஐ வழியாக வந்த தொகையைக் கூட்டிப் பார்த்து, வருஷத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டியவர்களிடம் ஏன் ஜிஎஸ்டியில் பதியவில்லை என்று கேட்டிருந்தார்கள். ஹாவேரியில் காய்கறி விற்கிற ஒருவருக்கு 29 லட்சம் கட்டச் சொல்லி வந்தது. பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது! பெங்களூரில் கடைக்குக் கடை ‘யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். நான் பேப்பரை மடித்து மகன் முன்னால் போட்டேன். “நாம ஒழுங்கா ஜிஎஸ்டி கட்டுறோம்ப்பா, நமக்கு என்ன பயம்?” என்றான்.

வரி கட்ட வேண்டியவன் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாலு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு, நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே காகிதத்தில் கேட்டால் தள்ளுவண்டிக்காரன் எங்கே போவான்? முதல் வருஷமே ஒரு ஆள் வந்து, அண்ணே, நீங்க வரம்பைத் தாண்டிட்டீங்க, பதிஞ்சுக்குங்க என்று சொல்லியிருக்கலாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் பெயர் அச்சிட்ட அரிசி மூட்டைக்கு 5 சதவீதம் வரி என்று வந்தது. வந்த வேகத்தில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. ஒரு கிலோ அரிசியைக் கூடப் போட்டு வரியைத் தாண்டினார்கள். சட்டம் எழுதுகிறவர்களை ஒரே ஒரு வாரம் மளிகைக் கடையில் உட்கார வைத்தால் தேவலை.

சரி, கதைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை காலை கியூஆர் அட்டையின் மேல் காலண்டர் தாளை ஒட்டினோம். வருகிற காசும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளுமே. ‘ரொக்கம் மட்டும்’ என்று என் கையெழுத்திலேயே எழுதினேன். ஜூலையில் நான் மகனுக்குச் சுட்டிக்காட்டிய பெங்களூர் போர்டு அக்டோபரில் எங்கள் வாசலில். வயதானவர்கள் சுருக்குப்பையைத் திறந்து கொடுத்தார்கள். இளவட்டங்கள் பாதிப் பேர் சாமானைப் பலகையிலேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். ரொக்கம்தான் நல்லது என்று இத்தனை நாள் பேசியவன் நான். அன்று ஒரு நாளில் வியாபாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததையும் கணக்கு நோட்டில் நானேதான் எழுதினேன்.

மண்டிக்குத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். வந்த ரொக்கம் அன்றன்றைய வெல்லம், தயிர், கூலி, பையன்களுக்குத் தீபாவளி போனஸ் என்று போய்விடும். அதுபோக, வியாபாரத்தில் ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. சின்னக் கடைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. எங்களுக்கும் ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும்.

அன்று புரட்டாசி நாலாம் சனி. மனைவி ஒப்பிலியப்பன் கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தாள். வழக்கம்போல மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில். நான் அதைப் பற்றி ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டேன், 2021இல் இருந்து வீட்டில் நடக்கிற நாடகம் அது. இலவசம் கொடுக்கிற கை கடன் வாங்கிக் கொடுக்கிறது, அந்தக் கடன் நம் பேரன் தலையில் விழும் என்பேன். 2006இல் கலர் டிவி, 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று ஒரு தேர்தலுக்கு ஒன்றாகப் பழக்கிவிட்டார்கள் என்பேன். அவள் கேட்டுக்கொண்டே கொழுக்கட்டை பிடிப்பாள்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். மகன் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பால் பவுடர் டின்னை எடுத்துக்கொண்டு வந்தாள். நூறும் ஐம்பதும் இருபதுமாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. கழுத்துச் சங்கிலியையும் கழற்றி அதன் மேல் வைத்தாள். மூன்று பவுன்.

“என்னங்க, இதுல நீங்க திட்டுற பஸ்ல மிச்சம் பிடிச்ச காசும் இருக்கு. பரவாயில்லையா?”

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். கண்ணாடியில் கீறல் என்று சொன்னேனே, இதுதான்.

இலவசத்தைப் பற்றிய என் கருத்து மாறிவிட்டதா என்றால், முழுசாக மாறவில்லை. ஆனால் நாலு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் முன்பு மாசத்துக்கு ஒரு தடவை வந்து சாமான் வாங்குவார்கள். இப்போது வாரம் ஒரு தடவை வருகிறார்கள். பஸ்ஸுக்குப் போன பத்து ரூபாய் கடுகாகவும் கடலைப்பருப்பாகவும் எங்கள் தராசில் ஏறுகிறது. டிவியும் மிக்ஸியும் வேறு, பஸ் வேறு என்கிற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறேன். அதற்கு மேல் இறங்க மாட்டேன்.

திங்கட்கிழமை இரண்டு வேலை. சங்கிலியை மனைவிக்குக் கணக்கு இருக்கிற வேறொரு வங்கியில் வைத்து 1,50,000 வாங்கினோம். பவுன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த நேரம், அதனால் மூன்று பவுனுக்கே போதுமான தொகை கிடைத்தது. டின்னில் இருந்த காசையும் அவள் கணக்கிலேயே கட்டி, அங்கிருந்து மண்டிக்கு 1,68,500 அனுப்பினோம். மீதி 17,500க்கு மண்டிக்காரரிடம் நான் போய் நின்றேன். “உங்ககிட்ட நான் என்னிக்கு நோட்டு எழுதியிருக்கேன்? தீபாவளி கழிச்சுக் குடுங்கண்ணே” என்றார். எந்தச் செயலியும் எனக்கு அந்தக் கடனை அன்றைக்குக் கொடுத்திருக்காது. வட்டியில்லாமல் நிச்சயமாகக் கொடுத்திருக்காது.

நகைக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1க்குள் எல்லோரும் அதற்கு மாற வேண்டும் என்றது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது ஒன்று. கடனை அடைத்த பிறகு நகையை அன்றே, அல்லது அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், அவர்கள் பக்கத்துத் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது ரொம்ப நல்ல விதி, அடகு வைக்கிற ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டியது. முதலாவது எனக்குப் பிடிக்கவில்லை. பவுன் விலை ஏறும்போது 85 இனிக்கும். இறங்கினால் சங்கிலி ஏலத்துக்குப் போகும். கிடைக்கிற அளவுக்கு வாங்காமல் தேவைப்படுகிற அளவுக்கு மட்டும் வாங்குவது, வைக்கும்போதே மீட்கும் தேதியைக் காலண்டரில் குறிப்பது, எங்கள் வீட்டில் இரண்டும் சட்டம்.

இரண்டாவது வேலை, முடங்கிய கணக்கு இருக்கிற வங்கிக் கிளை. மேலாளர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கையில் ஒன்றும் இல்லை. கணினியில் பார்த்து ஒரு புகார் எண்ணைக் கொடுத்தார். வடக்கே ஒரு மாநிலத்தில் யாரோ ஒருவர் பணத்தைப் பறிகொடுத்து, சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறார். அந்தப் பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, அவற்றிலிருந்து இன்னும் பல கணக்குகளுக்குப் போயிருக்கிறது. அந்த வால் எங்கெங்கே தொட்டதோ அங்கெல்லாம் நிறுத்தச் சொல்லி வந்திருக்கிறது. எங்கள் கணக்கைத் தொட்ட தொகை 410 ரூபாய். அதற்காக 3,42,000 ரூபாயும் நிற்கிறது.

பணத்தைப் பறிகொடுத்தவருக்காக அவசரமாகக் கணக்கை நிறுத்துவது சரிதான். திருடன் ஓடும்போது தெருவையே அடைத்தால்தான் பிடிக்க முடியும். ஆனால் தெருவில் தேங்காய் விற்கிறவனையும் சேர்த்துக் கட்டிப் போட்டுவிட்டு, அவிழ்க்க ஆளே இல்லாமல் போவதுதான் கோளாறு. எனக்கு ஒழுங்கும் சட்டமும் பிடிக்கும். அதனால்தான் கோபமும் கூட வந்தது.

ஆடிட்டர் சொன்னபடி செய்தோம். இதே நிலையில் யாராவது மாட்டியிருந்தால் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் வங்கியிடம் வாய்ப்பேச்சு போதாது. எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகார் எண், பிரச்சினைக்குரிய தொகை, எந்தத் தேதி, எந்தப் பரிவர்த்தனை எண், இத்தனையும் எழுத்தில் கேட்டு வாங்கினோம். மின்னஞ்சலில் கேட்டால் மின்னஞ்சலில் பதில் வந்தாக வேண்டும். பரிவர்த்தனை எண் கிடைத்ததும் மகன் கணக்கு அறிக்கையில் தேடினான். செப்டம்பர் 19, ராத்திரி 8.40. அன்றைய பில் நகலை எடுத்தால் 410 ரூபாய்க்கு ஒரே ஒரு பில். கோதுமை மாவு, சேமியா, சர்க்கரை, குளியல் சோப்பு, பற்பசை.

பில் நகல் வைப்பது என் காலத்துப் பழக்கம். யாரும் கேட்பதில்லை, எதற்குக் காகிதம் என்று மகன் நிறுத்தப் பார்த்தான், நான்தான் விடவில்லை. சொல்லிக்காட்டவில்லை, ஆனால் அன்று இரண்டு வெற்றிலை கூடவே போட்டேன். இன்னொன்று கவனித்தேன், விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. அந்தப் பில்லில் சோப்புக்கும் பற்பசைக்கும் 18 சதவீத வரி. செப்டம்பர் 22 முதல் இரண்டும் 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. மூன்று நாள் பொறுத்து வாங்கியிருந்தால் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். வரிக் குறைப்பு அரிதாக நடக்கிற நல்ல காரியம், அதையும் சொல்ல வேண்டுமல்லவா.

பில் நகல், ஜிஎஸ்டி பதிவுச் சான்று, கடையின் போட்டோ, மூன்று மாதக் கணக்கு அறிக்கை, சரக்கை விற்று வாங்கிய பணம் இது என்று ஒரு பக்கக் கடிதம், எல்லாவற்றையும் சேர்த்து அந்த மாநிலத்து விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சல், நகல் வங்கிக்கு, நகல் எங்கள் மாவட்ட சைபர் கிரைம் பிரிவுக்கு. வங்கிக்குத் தனியாக இன்னொரு கடிதம். பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவையுங்கள், மீதியை விடுங்கள் என்று. காவல்துறை குறிப்பிட்ட தொகைக்கு மட்டும்தான் முடக்கம் இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல், தொகையைச் சொல்லாமல் மொத்தக் கணக்கையும் முடக்குவதைக் கண்டித்திருக்கிறது. இரண்டையும் கடிதத்தில் எழுதினோம். நீதிமன்றத்தின் பெயரைப் பார்த்த பிறகுதான் எங்கள் காகிதம் மேசையிலிருந்து மேலே போனது.

அதிகாரியின் போன் ஒரு வாரம் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தவரிடம் எங்கள் வாடிக்கையாளரான ஒரு ரயில்வே ஊழியர் இந்தியில் பேசினார். ஒரு வரியைக் கூட நான் புரிந்துகொள்ளவில்லை, ஆனால் ‘ஆட்டா’, ‘சாபுன்’ என்று அவர் பில்லைப் படித்துக் காட்டியபோது மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. காரியம் நடந்துவிடும் என்று அப்போதே தோன்றியது.

இடையில் ஒருவன் போன் செய்தான். உங்கள் கணக்கு முடங்கியது எங்களுக்குத் தெரியும், 15,000 கொடுத்தால் இரண்டே நாளில் திறந்து தருகிறோம் என்றான். நல்ல தமிழில், அய்யா போட்டுப் பேசினான். என் கணக்கு முடங்கியது இவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை என் தொண்டையில் முள். வைத்துவிட்டேன். இன்னொரு எச்சரிக்கையும் ஆடிட்டர் சொன்னார். பணம் போனது என்னுடையதுதான், இந்த எண்ணுக்கு 410ஐத் திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது கேட்டால் அனுப்பவே கூடாது. கொடுப்பதாக இருந்தால் வங்கி, காவல்துறை, நீதிமன்றம் வழியாக மட்டும்தான்.

இனி அந்த 410 ரூபாயைக் கொடுத்த பையனைப் பற்றி. பில்லில் பெயர் இல்லை. ஆனால் கணக்கு அறிக்கையில் அனுப்பியவர் பெயர் இருந்தது. பார்த்ததும் மகன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற பையன். அவன் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து எனக்குத் தெரியும். ஐந்து பைசா தேன் மிட்டாய்க் காலம் முடிந்த பிறகு பிறந்தவன்தான், இருந்தாலும் என் கையால் எத்தனையோ மிட்டாய் வாங்கித் தின்றிருக்கிறான்.

அவன் அப்பாவிடம் போகலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மகன் போக வேண்டாம் என்றான், போலீஸ் விஷயம், நமக்கெதற்கு என்று. நான் போனேன். இந்த இடத்தில் பழைய பஞ்சாங்கம்தான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். தெருவில் ஒரு வீட்டில் புகை வந்தால் எட்டிப் பார்ப்பவன்தான் அக்கம்பக்கத்தான்.

அவருக்கு ஒன்றுமே தெரியாது. பையனைக் கூப்பிட்டுக் கேட்டபோது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஒன்றரை வருஷமாகப் போனில் காசு வைத்து ரம்மி. எண்பதாயிரம் போயிருக்கிறது, அக்காவின் கொலுசு உட்பட. விட்டதைப் பிடிக்க வழி தேடியபோது ஒரு செயலியில் செய்தி வந்திருக்கிறது, உன் வங்கிக் கணக்கை மூன்று நாளைக்குக் கொடு, வருகிற பணத்தைச் சொன்ன இடத்துக்கு அனுப்பு, கமிஷன் தருகிறோம் என்று. கொடுத்திருக்கிறான். கமிஷன் வந்த ராத்திரி, அம்மா எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து 410 ரூபாய்க்குச் சாமான் வாங்கியிருக்கிறான். அம்மா சீட்டில் எழுதாத சேமியாவையும் சேர்த்து. அவளுக்குப் பாயசம் பிடிக்குமாம்.

அவன் அப்பா அடிக்கக் கை ஓங்கினார். நான் தடுத்தேன், முழு மனதாக அல்ல.

காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அதற்கு முன்பே 2022இல் தமிழ்நாடு தனியாகச் சட்டம் போட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டபோதும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, தடை பொருந்தாது என்றது. எல்லாம் அரசியல் சட்ட நுணுக்கம், நான் வக்கீல் அல்ல. ஆனால் கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத் திறமை எது, சூது எது என்று தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா கொலுசை வைத்து ஆடுவதில் என்ன திறமை? இதில் அரசாங்கம் உள்ளே வந்தது சரி, மூன்று வருஷம் தாமதமாக வந்தது. அரசாங்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று மேலே எழுதிய அதே ஆள்தான் இதையும் எழுதுகிறேன். என் கடைக்குள் வேண்டாம், சூதாட்டக் கடைக்குள் வரலாம்.

சாராயத்திலும் எனக்கு இதே கருத்துதான். 1937இல் சேலத்தில் முதலில் மதுவிலக்கு வந்த மாநிலம் இது. 2003 முதல் அரசாங்கமே சில்லறையில் விற்கிறது. என் பற்று நோட்டைப் பார்த்தால் ஒன்று விளங்கும். டாஸ்மாக்கில் எவனும் கடன் சொல்ல முடியாது, உடனே காசு வைத்தாக வேண்டும். அதனால் வீட்டில் இருக்கிற ரொக்கம் அங்கே போகிறது, அரிசியும் எண்ணெயும் எங்கள் பற்றில் ஏறுகிறது. மாசக் கடைசியில் அந்த வீட்டுப் பெண்தான் வந்து தலை குனிந்து நிற்பாள். நோட்டில் பற்று ஏறுகிற வீடுகளில் பாதி இப்படிப்பட்டவைதான், கூட்டிப் பார்க்கக் கூடத் தேவையில்லை.

பையனைப் பற்றி நான் ஒன்றே ஒன்று சொன்னேன். ஒளிக்காமல் அவனே போய்ச் சொல்லட்டும், ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் பிரிவுக்குப் போங்கள் என்று. போனார்கள். அவன் கணக்கும் முடங்கித்தான் கிடக்கிறது. வழக்கில் சாட்சியா குற்றவாளியா என்று இன்னும் முடிவாகவில்லை. வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைக் கட்டாயம் பேசிவிடுங்கள். வங்கிக் கணக்கையோ ஏடிஎம் கார்டையோ சிம்மையோ ‘சும்மா மூன்று நாளைக்கு’ யாருக்கும் கொடுக்கக் கூடாது. திருட்டுப் பணம் நடந்து போக முதுகைக் கொடுத்தவனைத்தான் போலீஸ் முதலில் பிடிக்கும், நடந்தவன் எங்கேயோ இருப்பான்.

நவம்பர் 6, வியாழக்கிழமை கணக்கு திறந்தது. 27 நாள். 410 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விட்டார்கள். மறுநாளே நகையை மீட்டோம். 25 நாளைக்கு 9 சதவீதம், வட்டி 925 ரூபாய். மண்டிக்கு 17,500 போனது. 410 ரூபாய் வியாபாரத்தில் எங்களுக்கு லாபம் மிஞ்சிப்போனால் முப்பது ரூபாய். அந்த முப்பதுக்காக வட்டி, வங்கிக்கும் ஆடிட்டருக்கும் அலைந்த செலவு, தீபாவளி வாரத்தில் விட்ட வியாபாரம். கணக்கு நோட்டில் எழுதக் கூட மனம் வரவில்லை, எழுதினேன்.

இப்போது கடையில் ஏற்பாடு மாறியிருக்கிறது. கியூஆர் அட்டை ஒரு கணக்குக்கு, மண்டிக்கும் சம்பளத்துக்கும் வேறு வங்கியில் இன்னொரு கணக்கு. இரண்டும் ஜிஎஸ்டியிலும் வருமான வரியிலும் காட்டியவை. முதலாவதில் வாரத்துக்கு மேல் பணம் தேங்குவதில்லை. இதனால் முடக்கமே வராது என்றில்லை, வந்தாலும் கழுத்தை நெரிக்காது, அவ்வளவுதான். வீட்டில் ரொக்கம் இருபதாயிரம், தொடக் கூடாதது. பில் நகல்கள் மூன்று வருஷத்துக்கு இருந்தால் போதுமே என்று மகன் சொன்னான், ஆடிட்டரைக் கேட்டு எட்டு என்று ஆக்கிவிட்டேன். ஐந்நூறுக்கு மேல் யூபிஐயில் கொடுத்தால் பில்லில் வாங்கியவர் பெயரை எழுதுகிறான். யாரும் சொல்லாமலே.

காலண்டர் தாளைக் கிழித்து எடுத்தபோது அட்டையின் ஓரம் கொஞ்சம் பிய்ந்துவிட்டது. புது அட்டை வரும்வரை ஓரம் பிய்ந்த கியூஆரை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை, செய்தது.

நகையை மீட்ட அன்று ராத்திரி சங்கிலியையும் டின் காசையும் மனைவியிடம் கொடுத்தேன். 18,500, எல்லாம் வங்கியிலிருந்து எடுத்த புது நோட்டு. சங்கிலியைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“ஐம்பது ரூபா குறையுது.”

“18,500தானே?”

“18,550. அந்த ஐம்பதுக்கு நீங்க வெத்தலை வாங்கினீங்க.”

கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அக்டோபர் 13, வெற்றிலை பாக்கு, 50 என்று என் கையெழுத்திலேயே இருந்தது.